தலைவரின் சாவிக்கொத்து

எங்கள் கட்டடத்தின் நடைபாதையில் சாவிக்கொத்து கிலுங்குகிற சத்தம் கேட்டால் முன்பெல்லாம் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு போகட்டும் என்றா, அல்லது அந்தச் சத்தம் எந்த வாசலில் நிற்கிறது என்று கேட்பதற்கா, எனக்கே சொல்லத் தெரியாது. இரண்டும்தான். என் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் மூச்சு வரும். குண்டுச் சத்தத்துக்குள் பிள்ளை பெற்றவள் நான். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. அப்படிப்பட்டவள் ஒரு சாவிக்கொத்துக்குப் பயந்தாள் என்று எழுத மனம் வராதுதான். ஆனாலும் பயந்தது பயந்ததுதான்.

நாங்கள் இருப்பது மொன்ட்ரியால் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். இதற்கு வீட்டுக்காரன் என்று ஒருவன் கிடையாது. குடியிருக்கிற குடும்பங்கள் எல்லாம் அங்கத்தவர்கள். அங்கத்தவர்கள் கூடி ஒரு நிர்வாகக் குழுவைத் தெரிவுசெய்வார்கள், அந்தக் குழுவுக்கு ஒரு தலைவர். கூட்டுறவு வீடு, இங்கே கோப் என்பார்கள். பாதிக்குப் பாதி எங்கள் சனம், இலங்கைத் தமிழர். வாடகை வெளியில் உள்ளதைவிடக் குறைவு என்பதால் ஒரு வீடு காலியானால் வருவதற்கு ஆட்கள் காத்துக்கொண்டு நிற்பார்கள். அதே காரணத்தால், உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போய்விடுவோமோ என்ற பயம் எப்போதும் இருக்கும். இன்றைக்கு இந்த நகரத்தில் நான் கொடுக்கிற வாடகைக்கு ஒரு கோழிக்கூடும் கிடைக்காது.

தலைவரும் எங்கள் ஆள்தான். அறுபது வயதிருக்கும். பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் ஓடியாடி வேலை செய்த மனிதர். குளிர்காலத்தில் சூடாக்கி நின்றுபோனால் அவர்தான் ஆள் பிடித்து வருவார். எனக்கு முழங்காலில் நீர் வைத்தபோது தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் இருத்தினார். பத்து வருடமாக அவர்தான் தலைவர். கூட்டத்தில் ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், மற்றவர்கள் கை தட்டுவோம். அவ்வளவுதான் தேர்தல். எல்லா வீட்டுச் சாவியும் கோர்த்த கொத்து அவர் இடுப்பில் தொங்கும். அதைக் கண்டால் ஒருகாலத்தில் எனக்குத் தைரியமாக இருந்தது.

என் மகன் கலியாணம் முறிந்து ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தான். சென்ட் லோரன்டில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. காலையில் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பான். வயது வந்த ஒருவர் புதிதாக வந்து தங்கினால் குழுவுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் ஆளைப் பார்த்துக் கதைத்துப் பதிவார்கள், அதுதான் இங்கே விதி. நான் விதியை மீறுகிற ஆள் இல்லை. அவன் வந்த அடுத்த நாளே தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, உங்கட மகன் எனக்கு ஆர்? அவர் இருக்கட்டும். நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்றார்.

மதிப்பான ஒரு மனிதர் வாசலில் நின்று அப்படிச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது போதும். பிறகு எழுத்தில் தாருங்கள் என்று கேட்பது அவரை அவமதிப்பது போல. நானும் அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் இருந்தேன்.

இரண்டு கோடை போயிற்று. அந்தக் குளிர்காலம் என் படுக்கையறைச் சூடாக்கி தட்டித் தட்டிச் சத்தம் போட்டதே தவிரச் சூடு வரவில்லை. படியில் அவரைக் கண்டு சொன்னேன்.

"ஓமக்கா, பாப்பம்" என்றார். இரண்டு படி இறங்கிப் பிறகு திரும்பினார். "தம்பி இன்னும் உங்களோடதான் நிக்கிறாரோ?"

சிரித்த முகம். குரலும் சுகம் விசாரிக்கிற குரல்தான். ஆனால் அதற்குப் பிறகு நான் சூடாக்கியைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரட்டைப் போர்வைக்குள் படுத்தேன். நான் எதைக் கேட்டாலும் அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்பார், நான் பேசாமல் திரும்பிவிடுவேன். பதிந்திருந்தால் அவர் ஏன் கேட்கிறார்? பதியவே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. என் பிள்ளை என் வீட்டில் அவருடைய தயவில் படுத்துக் கிடந்தான். அவர் குழுவுக்கு ஒரு சொல் சொன்னால் ஒளித்து வைத்திருந்தவள் நான் என்றாகிவிடும்.

எனக்கு எதிர்வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. புருசன் பார லொறி ஓட்டுகிறவன், போனால் நாலைந்து நாளைக்கு வரமாட்டான். ஒரு மத்தியானம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஈரத் தலையோடு என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"அன்ரி, நான் குளிச்சுப்போட்டுத் துவாயோட வெளியில வாறன், குசினிக்க நிக்கிறார்."

"ஆர்?"

"வேற ஆர்? தலைவர். கையில சாவி."

"என்னவாம்?"

"தண்ணி ஒழுகுதாம். கீழ்வீட்டில இருந்து முறைப்பாடாம். கதவைத் தட்டினவராம், எனக்குத்தான் கேக்கேல்லையாம்." குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். "நான் கீழ போய்க் கேட்டன் அன்ரி. அந்த மனுசி ஒழுக்கும் இல்லை ஒண்டும் இல்லையெண்டு சொல்லுது. இது முதல்தரமும் இல்லை."

"கதவுச் சங்கிலியைப் போட்டு வை பிள்ளை" என்றேன்.

"வெளியில போகேக்க ஆர் சங்கிலி போடுறது? குழந்தையோ?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். நான் தேத்தண்ணி வைக்கப் போகிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போனேன்.

அவள் என்னைப் போல இல்லை. உபதலைவரிடம் போனாள். உபதலைவரும் எங்கள் ஆள், நாற்பது வயதுக்காரர், இவ்வளவு காலமும் தலைவரின் வலது கை. அந்தக் கிழமையே என் வீட்டு மேசையில் வந்து இருந்தார். அங்கத்தவர்கள் ஒப்பமிட்டுக் கேட்டால் விசேட கூட்டம் வைத்தே ஆக வேண்டுமாம், வந்தவர்களில் பாதிக்கு மேல் சம்மதித்தால் தலைவரை இறக்கலாமாம். ஒவ்வொரு வீடாக விரல் மடித்தார். "கீழ்வீட்டு கியூபெக் மனுசி எங்களோட. ஹெயிட்டிக்காரர் ரெண்டு வீடும் எங்களோட. மூண்டாம் மாடி ஆக்கள் மதில்மேல் பூனை. நீங்கள் வந்தா அவையும் வருவினம் அன்ரி. உங்கட சொல்லுக்கு ஒரு மதிப்பிருக்கு."

எதிர்வீட்டுப் பிள்ளை துவாயோடு நின்ற கதையை அவர் ஒருதரம்கூட எடுக்கவில்லை. எனக்கு அது அப்போதே குத்தியது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார், எண்ணும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அந்த நாட்களில் தொலைக்காட்சியிலும் இதே கதைதான் ஓடியது. தெற்கே எல்லைக்கு அப்பால் இருக்கிற பெரிய நாட்டின் சனாதிபதி மேல் குற்றப் பிரேரணை கொண்டு வருவார்களா, மாட்டார்களா என்று கோட்டு சூட்டுப் போட்டவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டே மகன் சொன்னான்.

"பாருங்கோ அம்மா. அந்தாள் பிழை செய்தாரோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எத்தினை கை விழும் எண்டுதான் கேக்கினம். கை போதாமல் தொட்டால் பேந்து அடிபட்ட பாம்புதான். தொட்டவையைத் தேடித் தேடிக் கொத்தும்."

"நீ சும்மா போ" என்றேன். ஆனால் எங்கள் நாட்டிலும் ஒருதரம் சனாதிபதியை இறக்கக் கையெழுத்து வைத்தவர்களில் சிலர், பிறகு அது தங்கள் கையெழுத்தே இல்லை என்று சொல்லித் திரிந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பெரிய மனிதர்களுக்கே அப்படியென்றால் நான் எந்த மூலைக்கு?

உபதலைவருக்கும் அந்த ஞாபகம் இருந்திருக்க வேண்டும். ஆட்கள் கடைசி நேரத்தில் கழன்றுவிடுவார்கள் என்று பயந்தார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணுவது. எங்கள் ஆட்கள் ஒப்பத்தை மறுப்பார்கள், சொன்ன சொல்லை மறுப்பார்கள், கற்பூரத்தில் அடித்ததை மறுக்கமாட்டார்கள். குடும்பத்துக்கு ஆகாது என்ற பயம். என் வீட்டில் சுவாமித் தட்டு இருக்கிறது, வயதான மனுசி வீட்டுக்கு நாலு பேர் வந்து போவதில் சந்தேகமும் வராது என்று என் வீட்டையே தெரிவுசெய்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் வந்த பின்னேரம். உபதலைவர், எதிர்வீட்டுப் பிள்ளை, மூன்றாம் மாடிப் புருசன் பெண்சாதி, இன்னும் இரண்டு பேர். கூரையில் இருக்கிற, புகை பட்டால் மணியடிக்கிற கருவிக்கு நான் ஏற்கெனவே குளியல் தொப்பியை மாட்டிவிட்டிருந்தேன். மீன் பொரிக்கிற நாளில் கட்டடத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. ஒரு கட்டிக் கற்பூரம் போதும் என்றேன். கேட்கவில்லை. ஆளுக்கொரு கட்டி வேண்டுமாம். அடுத்தவன் அடித்த கற்பூரத்தில் அடித்தால் சத்தியம் பாதிதான் செல்லும் என்று மூன்றாம் மாடிக்காரர் ஒரு சட்டம் சொன்னார். தட்டு முழுக்கக் கற்பூரம் எரிந்தது. கரும்புகை எழுந்து கூரையில் முட்டித் திரும்பியது. ஒவ்வொருவராக அடித்தார்கள். என் முறை வருமுன் குழந்தை இருமத் தொடங்கியது. சன்னலைத் திறக்கப் பார்த்தால் பனி இறுகி அசையவில்லை. புகை போகட்டும் என்று நான்தான் வாசல் கதவை அகலத் திறந்தேன்.

என் வீட்டுக் கருவிக்குத் தொப்பி போட்டிருந்தேன். நடைபாதையில் இருந்ததற்கு ஆர் போட்டது?

கட்டடம் முழுக்க மணி அலறியது. ஏழு பேரும் என் வாசலால் ஓடினோம். வெளியே முழங்கால் அளவு பனி. நான் வீட்டுச் செருப்போடு நின்றேன். தீயணைப்பு வண்டி சிவப்பு விளக்கோடு வந்து நின்றது. எல்லா வீட்டு ஆட்களும் தெருவில் நின்றார்கள். தலைவர் கோட்டைப் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி, ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தார். அது அவருடைய கடமைதான். எங்களிடம் வந்ததும் நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"என்னக்கா, வீட்டில பூசையோ? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பனே."

உபதலைவர் முந்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமைப் பூசை அண்ணை."

"இண்டைக்குச் செவ்வாய்க்கிழமையெல்லே தம்பி."

எனக்குப் பல்லோடு பல் அடித்தது, குளிரா பயமா தெரியவில்லை. ஆனால் என் வீட்டில் நடந்த பூசையைப் பொய்ப் பூசை என்று தெருவில் வைத்துச் சொல்ல விடுவேனா? "செவ்வாயும் அம்மனுக்கு உகந்த நாள்தான்" என்றேன். அந்த நேரம் பார்த்து ஒரு தீயணைப்புக்காரன் என் குளியல் தொப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இது ஆருடையது என்று கேட்டான். தெருவே சிரித்தது. தலைவரும் சிரித்தார். அவர் கண் மட்டும் என்னிடமே நின்றது.

நான் சத்தியம் பண்ணவில்லை. அந்தப் புகைக்குள் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு நான் அவர்களோடு, தலைவருக்கும் நான் அவர்களோடு. எனக்கு மட்டும் நான் எங்கேயும் இல்லை.

ஒப்பம் சேர்ந்து விசேட கூட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின கிழமை தலைவர் என் வீட்டுக்கு வந்தார். சாவியால் திறக்கவில்லை, தட்டித்தான் வந்தார். மகன் உள்ளே நித்திரை. தேத்தண்ணி கொடுத்தேன். முழங்காலைப் பற்றி விசாரித்தார்.

"யூலையில கீழ்வீடு ஒண்டு காலியாகுதக்கா. படி ஏறத் தேவையில்லை. உங்களைத்தான் நினைச்சு வைச்சிருக்கிறன்."

எனக்கு ஆசை வரவில்லை என்றால் பொய். அந்தப் படிகளில் நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

"நான் இருக்குமட்டும் உங்களுக்கு ஒரு குறையும் வராது" என்று தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்தார். "நாளைக்கு வேற ஆரும் வந்தால், பதியாமல் ஆக்கள் இருக்கிறதை விடுவினமோ தெரியாது. மகனை மட்டுமோ, உங்களையும் சேர்த்தெல்லே கேப்பினம்."

அந்த நேரம் அறைக்குள் மகன் இருமினான். நாங்கள் இரண்டு பேரும் அந்த இருமலைக் கேட்டோம். அவர் எழுந்து, "தம்பிக்குக் குளிர் பிடிச்சிட்டுது போல. கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் உபதலைவர் வந்தார். "அன்ரி, அவர் தப்பினால் முதல்ல உங்கட மகன்தான். நாங்கள் வந்தால் அந்தப் பிரச்சினை இல்லை, விளங்குதோ?"

மகன் பதியப்படாத கதையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் வைத்திருந்த கயிற்றில் இன்னொருவரின் கையும் இருந்தது. அன்றைக்கு வைத்த புளிக்குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டுதரம் போட்டுவிட்டேன்.

மகன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சோற்றுக் கோப்பையைத் தள்ளினான். "என்னம்மா நடந்தது?" என்றான். சொன்னேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். "நான் மொன்ட்ரியால்-நோரில ஒரு அறை பாக்கிறன். கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான். நான் போனால் உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

"போ. போய் அங்க ஆற்றையோ அறைக்குள்ள சோறில்லாமல் பாண் திண்டுகொண்டு கிட" என்றேன். கோபமாகத்தான் சொன்னேன். அவன் கலியாணம் முறிந்து வந்த நாளில் இருந்த முகம் எனக்குத் தெரியும். இப்போதுதான் சோற்றை ருசித்துத் தின்னத் தொடங்கியிருக்கிறான். அவனை அனுப்பிவிட்டு நான் அந்த வீட்டில் என்னத்தைக் காக்கிறது?

கூட்டம் நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நடந்தது. கீழ்வீட்டு கியூபெக் மனுசி நடுவில் இருந்து நடத்தினா. எதிர்வீட்டுப் பிள்ளை எழுந்து பிரெஞ்சில் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனாலும் துவாய் வரைக்கும் சொன்னாள். அவளுடைய புருசன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு தலைவர் எழுந்தார். தான் திருத்திய கூரை, மாற்றிய சூடாக்கி, ஏற்றி இறக்கிய நோயாளிகள் எல்லாம் சொன்னார். அவ்வளவும் உண்மை. சிலர் கை தட்டினார்கள். ஒழுக்கு இருக்கிறதோ என்று பார்க்கப் போனது குற்றமா என்று கேட்டார். மூன்றாம் மாடிப் புருசன் பெண்சாதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கற்பூரத்தில் அடித்த கைகள் மடியில் கிடந்தன.

கை உயர்த்த வேண்டாம், துண்டில் எழுதி மடித்துப் போடுவோம் என்று ஒரு ஹெயிட்டிக்காரர் கேட்டார். அறையே மூச்சு விட்டது. எனக்கு மட்டும் இல்லை. வெறுந்துண்டு. அதில் பிரெஞ்சில் ஒரு சொல் எழுத வேண்டும், ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இன்னொன்று. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். தமிழில் மெல்ல மெல்ல எழுதுவேன். அந்த எழுத்து எனக்கு வராது.

துண்டைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் வந்து இருந்தது தலைவரின் பெண்சாதி.

"தாங்கோ அக்கா, நான் எழுதிவிடுறன்" என்று பேனையைத் திறந்தா. "என்னெண்டு எழுத?"

வேண்டுமென்று செய்தாவென்று நான் சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரிப் பத்திரம், வரிப் பத்திரம், என்னுடைய எல்லாவற்றையும் இவ்வளவு காலமும் எழுதித் தந்தது அவதான். நல்ல மனுசி. ஆனால் எல்லோருக்கும் இரகசியமாக இருந்த அந்தத் துண்டு எனக்கு மட்டும் இரகசியம் இல்லை. இவவிடம் கொடுத்தால் அவருக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் உபதலைவருக்குத் தெரியும். கை முழுக்க வேர்த்து, துண்டு நனைந்துவிட்டது. எந்தப் பக்கம் போனாலும் என் பிள்ளையின் கயிறு ஒருவர் கையில் இருக்கத்தான் போகிறது.

நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"எனக்கு இந்தத் துண்டு வேண்டாம். வாயால சொல்லுறன்."

உபதலைவர் பாதி எழுந்தார். "அன்ரி, இப்ப அது தேவையில்லை. இருங்கோ."

"நீர் இரும் தம்பி" என்றேன். எதிர்வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, "நான் சொல்லுறதை அப்பிடியே அவைக்குச் சொல்லு பிள்ளை" என்றேன்.

"என்ர மகன் ரெண்டு வருசத்துக்கு மேல என்னோட இருக்கிறான். வந்த அடுத்த நாளே தலைவருக்குச் சொன்னனான். தான் பாத்துக்கொள்ளுறன் எண்டவர். பதியேல்லை. பதியாமல் வைச்சுக்கொண்டு, நான் வாய் திறக்கிற நேரமெல்லாம் மகன் நிக்கிறானோ எண்டு கேட்டவர். இனி ஒருத்தரும் அதை வைச்சு என்னை வெருட்டேலாது, இவரும் ஏலாது, நாளைக்கு வாறவரும் ஏலாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். மகனை என்ன செய்யிறதெண்டு கூட்டம் சொல்லட்டும். இவர் இறங்கவேணும். குளிக்கிற பிள்ளையின்ர வீட்டைத் திறந்தவர் இறங்கவேணும்."

அவள் பிரெஞ்சில் சொல்லி முடித்தாள். என் பிள்ளையை நானே சந்தியில் நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாடிப் பெண்சாதிதான் முதலில் வாய் திறந்தாள். "எங்கட மாமியும் பதியேல்லை" என்றாள். புருசன் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அவள் இருக்கவில்லை. "எங்களிட்டயும் இதே சொல்லுத்தான் சொன்னவர். நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு." பின்னால் ஒருவர் தங்கை பிள்ளையைப் பற்றிச் சொன்னார். ஹெயிட்டிக்காரர் ஒருவர் ஏதோ சொல்லி மேசையில் தட்டினார். அவருக்கும் ஒரு ஆள் இருந்ததாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொருவர் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தார்கள். நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு இரட்டைப் போர்வைக்குள் நடுங்கினேன். எல்லோரும் அப்படித்தான் தனித்தனியே நடுங்கியிருக்கிறார்கள்.

கியூபெக் மனுசி எல்லோருக்கும் முன்னால் என் துண்டில் எழுதி, எழுதியதைத் தூக்கிக் காட்டிப் பெட்டியில் போட்டா. எண்ணினார்கள். கொஞ்சம்தான் கூட, ஆனால் கூட. தலைவர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைக் கழற்றினார். இடுப்புப்பட்டியில் அது தொங்கிய இடம் தேய்ந்து வெளுத்திருந்தது. மேசையில் வைத்துவிட்டு ஒருவரையும் பார்க்காமல் படியேறினார். அவருடைய மனுசி பின்னால் போனா. பேனையை மறந்துவிட்டா, அது என் மடியில் கிடந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை.

அன்றைக்கே குழு கூடி உபதலைவரைத் தலைவராக்கியது. சாவிக்கொத்து அவர் இடுப்புக்குப் போயிற்று. முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டையும் திறக்கக்கூடாது என்று விதி எழுதுங்கள் என்று எதிர்வீட்டுப் பிள்ளை கேட்டாள். "ஓம் தங்கச்சி, கட்டாயம். பேந்து ஆறுதலாக் கதைப்பம்" என்றார்.

பனி கரைந்து தெருவோரம் ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு மத்தியானம் என் கதவு தட்டுப்பட்டது. சங்கிலியை எடுக்காமல் திறந்தேன். புதுத் தலைவர்.

"அன்ரி, மகன்ர விசயத்தை அவசரப்பட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதேங்கோ. சிலபேர் கதைப்பினம். அவர் இருக்கட்டும். நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

சொல்லுக்குச் சொல் அதே சொல். அவரிடம் இருந்து இவர் படித்தாரா, அல்லது அந்தச் சாவியைக் கட்டுகிற எல்லோருக்கும் அந்தச் சொல் தானாக வருகிறதா?

"இல்லைத் தம்பி. கூட்டம் பாக்கட்டும்."

"கூட்டம் ஏலாதெண்டால் என்ன செய்வியள்?"

"ஏலாதெண்டால் எனக்கு முன்னால நிண்டு சொல்லட்டும்."

அவர் சிரித்தார், தோளைக் குலுக்கினார், போனார். கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். சாவிக்கொத்து நாலடி கிலுங்கிப் பிறகு நின்றுவிட்டது. எதிர்வீட்டு வாசலில் நின்றது. அந்தப் பிள்ளை குழந்தைக்குத் தடுப்பு மருந்து குத்தப் போயிருந்தாள், எனக்குத் தெரியும். அவளுடைய புருசனும் ஊரில் இல்லை.

சங்கிலியைக் கழற்றிக் கதவை அகலத் திறந்து வாசலில் நின்றேன். அவர் கையில் ஒரு சாவி தனியே பிரிந்திருந்தது. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு சாவியைக் கொத்தோடு சேர்த்துவிட்டுப் படியிறங்கினார். கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மகனின் பதிவு வரும் மாதக் கூட்டத்தில் எடுபடும். என்ன சொல்வார்களோ தெரியாது. அவன் உள்ளே நித்திரை கொள்கிறான். நான் இப்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பதில்லை. சாவிச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கிறேன். கால் இன்னும் நடுங்கத்தான் செய்கிறது.